கால்வாய் வண்டலைக் கொண்டு வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்வாய் வண்டலைக் கொண்டு குளியல், துணி துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தெளிவாக்க முடியுமா என்று சில ஆண்டுகளாக ஜாடிகளிலும் டிரம்களிலும் முயன்று வருகிறேன். பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். சில சந்தேகங்களுக்கு நான் ஆரம்பத்தில் தவறான பதிலே சொல்லியிருக்கிறேன். அவற்றையும் திருத்தி, எளியதில் தொடங்கி சிக்கலானது வரை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

சேறே அழுக்கு. அதைக் கொண்டுபோய்த் தண்ணியில போட்டா, தண்ணி எப்படிங்க சுத்தமாகும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். நியாயமான கேள்வியும்கூட. வண்டல் என்பது மணல், பொடிமண், களிமண், மக்கிய இலைதழை, இரும்பு போன்ற தாதுக்களின் துரு எல்லாம் கலந்த ஒன்று. ஓட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில் இவை அடியில் படிகின்றன. அந்தப் படிவில் பாக்டீரியா ஏராளமாகக் குடியிருக்கிறது. கால்வாயில் வந்து விழும் கழிவைத் தின்றே வாழ்ந்து பழகிய பாக்டீரியா அது.

தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கை, அதாவது கரிம மாசை, இந்தச் சேறு இரண்டு வழிகளில் எடுக்கிறது. ஒன்று, துகள்களின் மேற்பரப்பில் அழுக்கு போய் ஒட்டிக்கொள்வது. இன்னொன்று, பாக்டீரியா அந்த அழுக்கைத் தின்று ஒரு பகுதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும், மறுபகுதியைத் தன் உடலாகவும் மாற்றிக்கொள்வது. இந்த இரண்டில் எது பெரிது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். அதைக் கொஞ்சம் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

கரிம மாசுன்னு சொல்றீங்களே, என் வீட்டுத் தண்ணியில அது எங்கே இருக்கு?

சோற்றுக் கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு, ஷாம்பு, வியர்வை, தோலிலிருந்து உதிர்வது, உணவுத் துணுக்கு, கழிப்பறை நீரில் வருவன எல்லாமே கரிம மாசுதான். கார்பனை அடிப்படையாகக் கொண்ட, நுண்ணுயிர்களுக்கு இரையாகக்கூடிய பொருள்கள். இவை அப்படியே ஒரு குட்டைக்குள் போனால், அங்கே இருக்கிற பாக்டீரியா இவற்றைத் தின்னும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மீனுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் மிஞ்சாது.

பி.ஓ.டி., சி.ஓ.டி.ன்னு ரெண்டு நம்பர் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. பி.ஓ.டி. என்பது பாக்டீரியா அந்த அழுக்கைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்ற அளவு. வழக்கமாக 20 டிகிரி செல்சியஸில் 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். சி.ஓ.டி. என்பது பொட்டாசியம் டைகுரோமேட் என்ற கடுமையான வேதிப்பொருளால் ஏறக்குறைய எல்லாக் கரிமப் பொருளையும் ஆக்சிஜனேற்றம் செய்து பார்க்கும் அளவு. பாக்டீரியாவால் தின்ன முடியாததும் இதில் சேர்ந்துவிடும். அதனால் ஒரே தண்ணீருக்கு சி.ஓ.டி.தான் எப்போதும் கூடுதலாக இருக்கும். வீட்டுக் கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 200 முதல் 300 மி.கி. வரையும், சி.ஓ.டி. அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கும் இருப்பது வழக்கம்.

சி.ஓ.டி. சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். அடர் கந்தக அமிலமும் பாதரச உப்பும் அதில் சேர்கின்றன. மாதிரியை ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.

சேறு ஸ்பாஞ்சு மாதிரி அழுக்கை உறிஞ்சிக்கும்தானே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், பலரிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். கணக்குப் போட்ட பிறகு மாற்றிக்கொண்டேன். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 100 லிட்டர் வீதம் நாளைக்கு 400 லிட்டர் கழிவுநீர் என்று வைத்துக்கொள்வோம். அதன் சி.ஓ.டி. லிட்டருக்கு 500 மி.கி. என்றால் ஒரு நாள் அழுக்கின் அளவு 200 கிராம். ஒரு கிராம் உலர்ந்த வண்டல் 5 மி.கி. அழுக்கைப் பிடித்துக்கொள்கிறது என்று கொள்வோம். அப்படியானால் 200 கிராமைப் பிடிக்க 40 கிலோ சேறு வேண்டும். அதுவும் ஒரு நாளைக்கு! மறுநாள் இன்னொரு 40 கிலோ. யாராலும் இதைத் தொடர்ந்து செய்ய முடியாது.

ஒட்டிக்கொள்வதால் பயனே இல்லை என்பதல்ல. களிமண் துகளின் மேற்பரப்பு மிகப் பெரியது. கயோலினைட் வகைக் களிமண்ணில் கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர் வரை பரப்பு உண்டு. மாண்ட்மோரில்லோனைட் வகையில் அடுக்குகளுக்கு உள்ளே இருப்பதையும் சேர்த்தால் கிராமுக்கு 700 சதுர மீட்டரையும் தாண்டும். எண்ணெய்த்தன்மை கொண்ட, தண்ணீரில் எளிதில் கரையாத பொருள்கள் வண்டலில் உள்ள மக்கில் போய் ஒதுங்கும். ஆனால் ஒட்டிக்கொள்ளும் இடம் ஒரு நாள் நிரம்பிவிடும். நிரம்பியதைக் காலி செய்து கொடுப்பது பாக்டீரியா. ஒட்டியதை அது தின்னத் தின்ன, இடம் மறுபடி திறக்கிறது.

அப்போ வேலை செய்யறது மண்ணு இல்லை, கிருமிதான்னு சொல்றீங்களா?

பெரும்பகுதி கிருமிதான். மண் அதற்கு வீடு. துகளின் மேல் பாக்டீரியா ஒரு வழவழப்பான படலமாகப் படர்கிறது. இதை உயிர்ப்படலம் என்கிறார்கள். தண்ணீரை வடித்தாலும் துகளோடு சேர்ந்து அடியிலேயே தங்கிவிடும். இப்படித் தங்குவதுதான் முக்கியம்.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இரண்டு வேதியியலாளர்கள். 1914-இல் மான்செஸ்டரில் அவர்கள் கழிவுநீரைப் பாட்டில்களில் நிரப்பிக் காற்று ஊதினார்கள். முதல்முறை அது முழுதாகச் சுத்தமாக ஏறக்குறைய ஐந்து வாரம் பிடித்தது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த சகதியை அப்படியே வைத்துக்கொண்டு, புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்தது. கடைசியில் ஒரே நாளில் வேலை முடிந்தது. இன்று உலகமெங்கும் உள்ள பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றுக்கு அடிப்படை இதுதான். அதற்கு முன் எல்லோரும் தூக்கி எறிய வேண்டியது என்று நினைத்த சகதியை இவர்கள் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆற்றுப் படிவில் வாழும் பாக்டீரியாவின் திறமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1987-இல் டெரெக் லவ்லி என்ற நுண்ணுயிரியலாளர் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றின் அடிமண்ணிலிருந்து ஜியோபாக்டர் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். ஆக்சிஜன் இல்லாத இடத்தில், ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்புத் துருவைக் கொண்டு அது கரிமப் பொருளைச் சிதைக்கிறது. கால்வாய்ச் சேற்றிலும் இரும்பு உண்டு, ஆக்சிஜன் இல்லாத ஆழமும் உண்டு. அதனால் மேலே ஒரு வகை, அடியில் வேறு வகை என்று சேற்றுக்குள் அடுக்கடுக்காக வேலை நடக்கிறது.

கிருமிதான் முக்கியம்னா, தோட்டத்து மண்ணே போதாதா? ஏன் கால்வாய்?

தோட்டத்து மண்ணிலும் பாக்டீரியா இருக்கிறது; நாளடைவில் அதுவும் பழகும். கால்வாய் வண்டலுக்கு இருக்கும் மேன்மை அது ஏற்கெனவே பழகியது என்பது. எப்போதும் நீரில் மூழ்கி, சோப்பையும் எண்ணெயையும் சந்தித்துக்கொண்டே இருந்த கூட்டம் அது. அதனால் தொடக்கத்தில் ஆகும் தாமதம் குறைகிறது. அப்புறம், தூர்வாரிக் கரையில் குவித்த சேறு பல இடங்களில் யாருக்கும் வேண்டாத பொருளாகக் கிடக்கிறது. வேண்டாத ஒன்றுக்கு ஒரு பயன் கிடைப்பது நல்லதுதான். ஆனால் வேண்டாதது என்பதாலேயே ஆபத்தில்லாதது என்று ஆகிவிடாது.

எந்த இடத்துச் சேறு எடுக்கலாம்? எதைத் தொடக் கூடாது?

தொழிற்சாலை, சாயப் பட்டறை, மின்முலாம் பூசும் இடம், வண்டிப் பட்டறை, பழைய குப்பைமேடு ஆகியவற்றின் கழிவு கலக்கும் இடத்திலிருந்தும், அதற்குக் கீழ்ப்புறம் ஓடும் பகுதியிலிருந்தும் எடுக்கவே எடுக்காதீர்கள். காரீயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களும் எண்ணெய்க் கழிவும் களிமண்ணிலும் மக்கிலும்தான் சேர்ந்துகொள்ளும். நல்ல அழுக்கை எந்தக் குணத்தால் வண்டல் பிடிக்கிறதோ, அதே குணத்தால்தான் விஷத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. வயல்களுக்கு இடையே ஓடும் வாய்க்காலில் பூச்சிமருந்து எச்சம் இருக்கலாம். மொத்தத்தில், மேற்புறம் என்ன கலக்கிறது என்று நடந்துபோய்ப் பார்க்காமல் எடுக்க வேண்டாம். கால்வாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் அனுமதியும் வாங்குங்கள்.

சேற்றைக் கிளறும்போது மேலே வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்பு பாக்டீரியாவின் வேலை, பயமில்லை. விலகி மறுபடி ஒன்றுசேர்ந்துகொண்டால் அது எண்ணெய். அந்தச் சேறு வேண்டாம். இது ஒரு முதல் வடிகட்டல் மட்டும்தான். உலோகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆய்வகத்தில் ஒரு முறையாவது கன உலோகச் சோதனை செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கன்னங்கரேல்னு இருக்கு, அழுகின முட்டை நாத்தம் வேற. கெட்டுப்போன சேறா?

கெட்டுப்போகவில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்திலிருந்து வந்த சேறு அது. கறுப்பு நிறம் இரும்பு சல்ஃபைடினால் வருகிறது, நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடினால். திறந்த வெளியில் பரப்பிக் காற்றுப் பட வைத்தால் இரும்பு துருவாகிக் கறுப்பு மெல்லப் பழுப்பாக மாறும், நாற்றமும் போய்விடும்.

இரண்டு எச்சரிக்கை. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய தொட்டி, பள்ளம் போன்ற இடங்களில் தேங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும், அப்போதுதான் உயிருக்கு ஆபத்து. அதனால் இந்த வேலையை அறைக்குள்ளோ மூடிய தொட்டிக்குள்ளோ செய்யாதீர்கள். இரண்டாவது, சல்ஃபைடாகக் கட்டுண்டு கிடந்த உலோகங்கள் காற்றுப் பட்டதும் விடுபட்டு நீரில் கரையலாம். மேலே உலோகச் சோதனையை வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

காய வெச்சுப் போடணுமா, ஈரமாவே போடலாமா?

பாக்டீரியாவுக்காகப் போடுகிறீர்கள் என்றால் ஈரமாகவே, எடுத்த ஓரிரு நாளுக்குள் போடுங்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்தால் நிறைய உயிர்கள் மடிந்துவிடும். மறுபடி நனையும்போது மடிந்தவற்றின் சாரம் நீரில் கரைந்து வெளிவரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது என்று பதறுவது பெரும்பாலும் இதனால்தான். உருண்டை பிடித்துச் சுடுவதற்கென்றால் காய வைத்துத்தான் ஆக வேண்டும்.

எப்படியானாலும் முதலில் கல், வேர், பிளாஸ்டிக் எல்லாம் போக 2 மி.மீ. சல்லடையில் சலித்துவிடுங்கள். கையுறை கட்டாயம்.

சேறு போட்டேன், தண்ணி முன்னைவிட மோசமா கலங்கிப்போச்சு. இது எப்போ தெளியும்?

துகளின் அளவைப் பொறுத்தது. 0.1 மி.மீ. மணல் ஒரு மீட்டர் ஆழத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். 0.002 மி.மீ. களிமண் துகளுக்கு அதே ஒரு மீட்டரைக் கடக்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதைவிட நுண்ணியது கிட்டத்தட்டப் படியவே படியாது.

அதனால் நான் சேற்றை முதலில் ஒரு வாளியில் கரைத்து, பத்து நிமிடம் விட்டு, மேலே கலங்கி நிற்பதை வடித்துக் கொட்டிவிடுகிறேன். இப்படி மூன்று நான்கு முறை. கொஞ்சம் களிமண் இழப்பாகும், பரவாயில்லை. தங்குவதுதான் முக்கியம் என்று மேலே சொன்னேன் அல்லவா? தங்காத துகள் நமக்கு உதவாது. மிஞ்சியதில் பாக்டீரியா வளர வளர அது பிசின்போல் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துத் திரளாக்கும். மூன்றாவது நான்காவது வாரத்தில் சேறு தானாகவே சீக்கிரம் படியத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

டிரம்ல சேத்தை ரொப்பி மேல தண்ணி ஊத்தினேன். சொட்டுக்கூட இறங்கலை. என்ன தப்பு?

மணல் வழியாகத் தண்ணீர் இறங்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் களிமண் வழியாக இறங்குவது லட்சம் மடங்குகூடக் குறைவாக இருக்கும். ஏரிக்கரையின் நடுவில் களிமண் வைத்துத் தண்ணீரைத் தடுப்பது இந்தக் குணத்தை நம்பித்தான். வடிகட்டியில் அதே குணம் எதிரியாகிவிடுகிறது. மணலோடு கலந்தாலும் கொஞ்ச நாளில் நுண்துகள் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும்.

இரண்டு தீர்வு உண்டு. முதலாவது, வடிகட்டி என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு ஆர்டெர்ன், லாக்கெட் செய்ததைப்போல நிரப்பி வடிப்பது: டிரம்மில் சேறும் கழிவுநீரும், அடியிலிருந்து காற்று, ஒரு நாள் கழித்துக் காற்றை நிறுத்தி ஓரிரு மணி நேரம் படியவிட்டு, மேலுள்ள மூன்றில் இரண்டு பங்கை மட்டும் வடித்து, மறுபடி நிரப்புவது. சேற்றின் அளவு லிட்டருக்கு 10 கிராம் உலர் எடைக்கு மேல் நான் போடுவதில்லை. இரண்டாவது, வண்டலை உருண்டை பிடித்துச் சூளையில் சுட்டு, அந்த உருண்டைகளால் தொட்டியை நிரப்புவது. 600 டிகிரிக்கு மேல் சுட்ட களிமண் தண்ணீரில் கரையாது. உருண்டைகளுக்கு இடையே தண்ணீரும் காற்றும் தாராளமாகப் போகும். வீட்டளவில் எனக்கு ஒத்துவந்தது முதல் வழிதான்.

சுட்டா கிருமியெல்லாம் செத்துப்போகுமே! அப்புறம் எதுக்கு?

செத்துப்போகும், மக்கும் எரிந்துபோகும். மிஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த ஓடு. அது இனி வீடு மட்டும். குடியேற்றம் புதிதாக நடக்க வேண்டும். சுட்ட உருண்டைகளின் மேல் ஒரு கைப்பிடி ஈரச் சேற்றைக் கரைத்து ஊற்றி, இரண்டு மூன்று வாரம் கழிவுநீரைச் சுற்றவிட்டால் படலம் படர்ந்துவிடும்.

உலோகம் கலந்த சேற்றைச் சுட்டால் விஷம் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. பாதரசம் ஆவியாகி மூச்சில் கலக்கும். சில நேரம் சாதாரணக் குரோமியம் அதைவிடக் கொடிய வடிவத்துக்கு மாறவும் கூடும். சந்தேகமுள்ள சேற்றைச் சுடவே வேண்டாம்.

காத்து ஊதியே ஆகணுமா? சும்மா விட்டா ஆகாதா?

சும்மா விட்டாலும் நடக்கும், ஆனால் மெதுவாக, நாற்றத்தோடு. மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: 200 கிராம் அழுக்குக்கு ஏறத்தாழ அதே அளவு ஆக்சிஜன் தேவை. வெதுவெதுப்பான தண்ணீர் லிட்டருக்கு 8 மி.கி. ஆக்சிஜனைத்தான் தன்னில் கரைத்து வைத்திருக்கும். 400 லிட்டரிலும் சேர்த்து 3 கிராம் சொச்சம்! மீதி எல்லாம் காற்றிலிருந்து தொடர்ந்து வந்தாக வேண்டும். பாக்டீரியா ஒரு பகுதியைத் தன் உடலாக மாற்றிக்கொள்வதால் தேவை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று பம்பு ஒரு வாளி அளவு சோதனைக்குப் போதும், டிரம்முக்குப் பெரியது வேண்டும்.

மின்சாரம் இல்லாமல் செய்ய வேண்டுமென்றால் இடைவெளி விட்டு ஊற்றுவது பழைய வழி. 1868 முதல் 1870 வரை எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் மண் நிரப்பிய குழாய்களில் கழிவுநீரைச் செலுத்திப் பார்த்து, ஊற்றியபின் ஓய்வு கொடுத்தால்தான் மண் வேலை செய்கிறது என்று கண்டார். ஓய்வில் மண்ணின் இடுக்குகளில் காற்று நுழைகிறது. இதற்கு மணற்பாங்கான வண்டலோ சுட்ட உருண்டையோதான் சரிப்படும்.

ஆய்வகத்துல கொடுத்துப் பார்த்தேன். சி.ஓ.டி. குறையறதுக்குப் பதிலா கூடியிருக்கு. ஏமாந்துட்டேனா?

ஏமாறவில்லை, சேறு தன் சொந்தச் சரக்கையும் தண்ணீரில் இறக்கியிருக்கிறது. சேற்றிலுள்ள மக்குச் சாறு, சல்ஃபைடு, கரைந்த இரும்பு எல்லாமே சி.ஓ.டி. கணக்கில் ஏறும். மாதிரியில் சேற்றுத் துகள் மிதந்திருந்தால் அதுவும் ஏறும். வடிகட்டிய மாதிரியைக் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

இதற்காகத்தான் நான்கு ஜாடி வைக்கச் சொல்கிறேன். முதலாவதில் கழிவுநீர் மட்டும். இரண்டாவதில் நல்ல தண்ணீரும் சேறும். மூன்றாவதில் கழிவுநீரும் சேறும். நான்காவதில் கழிவுநீரும் கொன்ற சேறும். அதாவது பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வீதம் மூன்று நாள் தொடர்ந்து வேகவைத்துக் கழுவிய சேறு. (அந்தக் குக்கரைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.) நான்குக்கும் ஒரே அளவு காற்று, ஒரே அளவு நாள். முதலாவது, சேறு இல்லாமலே எவ்வளவு குறையும் என்று காட்டும். இரண்டாவது, சேறு தானாக என்ன இறக்குகிறது என்று காட்டும். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் உள்ள வித்தியாசம் உயிர்கள் செய்த வேலை. நான்காவதில் குறைந்தது, ஒட்டிக்கொண்ட அளவு. ஒரு வாரத்துக்குமேல் வைத்தால் காற்றுவழி வந்த பாக்டீரியா அதிலும் குடியேறிவிடும், ஆகவே ஓரிரு நாளில் அளந்துவிடுங்கள்.

இரண்டாவது ஜாடியை வைக்காமல் சொல்லப்படும் எந்த விழுக்காட்டையும் நான் நம்புவதில்லை. என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் அந்த ஜாடி இல்லாமல் குறித்த என் நோட்டுக் கணக்கெல்லாம் பயன்படாமல் போயிற்று.

மண்ணை வெச்சு 95 விழுக்காடு சாயத்தை எடுத்துட்டாங்கன்னு எங்கேயோ படிச்சேன். உங்க டிரம்ல மட்டும் ஏன் அப்படி வர்றதில்லை?

எந்தச் சாயம் என்று பாருங்கள். இத்தகைய சோதனைகளில் மெத்திலீன் நீலம் அதிகம் பயன்படுகிறது. அது நீரில் நேர்மின்னேற்றம் கொண்டது. களிமண் துகள் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். வீட்டுக் கழிவுநீரில் இருக்கும் அழுக்கு அப்படியல்ல. துணி சோப்புத்தூளின் முக்கியச் சேர்மம் எதிர்மின்னேற்றம் கொண்டது. களிமண் அதை விலக்கவே பார்க்கும். சர்க்கரை, மாவுச்சத்து போன்றவற்றுக்கு மின்னேற்றமே இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போட்டியும் போடுகின்றன.

எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மண் என்பதையும் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டம்ளர் மண்ணைப் போட்டால் எதுவும் போகத்தான் செய்யும். விழுக்காட்டைவிட, ஒரு கிராம் மண் எத்தனை மில்லிகிராம் எடுத்தது என்ற எண்தான் உண்மையைச் சொல்லும்.

சோப்பு, மாத்திரை மருந்து, பிளீச்சிங் எல்லாம் போகுமா?

சாதாரணச் சோப்பும் துணி சோப்புத்தூளும் காற்று இருந்தால் நன்றாகவே சிதையும். காற்று இல்லாவிட்டால் சோப்புத்தூளின் முக்கியச் சேர்மம் அப்படியே நிற்கும். மருந்துகளில் பாராசிட்டமால், இபுபுரூஃபென் போன்றவை பழகிய சேற்றில் பெரும்பாலும் சிதைந்துவிடுகின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் ஏறக்குறைய வந்தபடியே வெளியேறும். பெரிய சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதே கதைதான். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சேற்றில் இறுக ஒட்டிக்கொள்ளும், அதாவது பிரச்சினை தண்ணீரிலிருந்து சேற்றுக்கு இடம் மாறும்.

பிளீச் வேறு விஷயம். அது கரிம மாசல்ல, நம் பாக்டீரியாவைக் கொல்வது. பிளீச், ஃபினாயில் ஊற்றிக் கழுவிய தண்ணீரைத் தனியாக விடுங்கள்.

டாய்லெட் தண்ணியையும் சேர்த்து விட்டா?

வேண்டாம். குடற்புழு முட்டைகள் படிந்து சேற்றில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. அதை நீங்கள் கையால் கையாள வேண்டியிருக்கும். அம்மோனியாவும் பெருமளவு கூடும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். சின்னக் காற்று பம்பு தாங்காது.

வீட்டுல செப்டிக் டேங்க் இருக்கு. அதுலயே ரெண்டு கூடை சேத்தைக் கொட்டிடலாமா?

கூடாது. செப்டிக் டேங்க்கில் ஏற்கெனவே போதுமான பாக்டீரியா இருக்கிறது. நீங்கள் கொட்டும் மணலும் களிமண்ணும் அடியில் படிந்து இடத்தை அடைக்கும், அடுத்த முறை அள்ளுவது சீக்கிரம் வரும், அவ்வளவுதான் பலன்.

தெளிஞ்ச தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. குடிக்கலாமா? செடிக்கு ஊத்தலாமா?

குடிக்கவே கூடாது, குளிக்கவும் கூடாது. தெளிவு வேறு, கிருமியற்ற தன்மை வேறு. நோய்க்கிருமிகள் நீரில் இருப்பதைவிடச் சேற்றில் நீண்ட நாள் உயிர்வாழும், அங்கிருந்து மறுபடி நீருக்கு வரும். மரம், பூச்செடி, புல் இவற்றுக்கு வேரடியில் ஊற்றலாம். கீரை, கிழங்கு, பச்சையாகத் தின்னும் காய் எதற்கும் வேண்டாம்.

எவ்வளவு தெளிந்தால் போதும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய அளவுகோல் சொல்வேன். 1912-இல் பிரிட்டனின் கழிவுநீர் அரச ஆணையம், ஆற்றில் விடும் நீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மி.கி., மிதக்கும் திடப்பொருள் 30 மி.கி. தாண்டக் கூடாது என்றது; அதுவும் ஆற்றில் எட்டு மடங்கு நல்ல நீர் ஓடினால். உங்கள் பகுதியில் இப்போதுள்ள விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகக் காற்று ஊதி, பழகிய சேற்றை வைத்துக்கொண்டால் பி.ஓ.டி. இந்த அளவுக்கு இறங்குவது நடக்கக்கூடியதுதான். கடைசிவரை சிரமம் தருவது மிதக்கும் துகள்.

நல்லா ஓடிட்டிருந்தது. வெளியூர் போய் பத்து நாள் கழிச்சு வந்தா ஒரே நாத்தம். எல்லாம் போச்சா?

காற்று நின்றிருக்கும், அல்லது இரை இல்லாமல் இருந்திருக்கும். சேறு கறுத்துவிட்டதா என்று பாருங்கள். மேல்நீரை வடித்துவிட்டு இரண்டு நாள் வெறும் காற்று மட்டும் ஊதுங்கள். பழுப்பு திரும்பியதும் கழிவுநீரைக் கால் பங்கில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். என் அனுபவத்தில் ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. புதிதாகத் தொடங்கும்போது ஆகும் மூன்று நான்கு வாரத்தோடு ஒப்பிட்டால் இது குறைவுதான், ஆகவே பழைய சேற்றைக் கொட்டிவிட அவசரப்படாதீர்கள். ஊருக்குப் போகும்போது காற்றை மட்டும் நிறுத்தாமல் ஓடவிட்டுப் போனால் இந்தச் சிக்கலே வராது.

சேறு கூடிக்கிட்டே போகுது. மிச்சத்தை எங்கே போடறது? திரும்ப கால்வாயிலயே விட்டுடலாமா?

கால்வாயில் விடாதீர்கள். எடுத்ததைவிடக் கூடுதல் அழுக்கோடு திருப்பிக் கொடுப்பதாகும் அது. தின்றதில் ஒரு பகுதி பாக்டீரியாவின் உடலாக மாறுவதால் சேறு கூடுவது இயல்பு. மாதம் ஒருமுறை ஒரு பங்கை அள்ளி வெயிலில் முழுதாகக் காய வைத்து, உலோகச் சோதனையில் தேறிய சேறென்றால் மரங்களின் அடியில் குழிவெட்டி மூடுங்கள். உலோகம் பற்றிய சந்தேகம் இருந்தால், அது நிலத்துக்கும் போகக் கூடாது. ஆபத்தான கழிவுகளை வாங்கிக்கொள்ளும் இடத்துக்குத்தான் போக வேண்டும். பயன்படுத்திய சேற்றை ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதிப்பதும் அவசியம், ஏனென்றால் வீட்டுத் தண்ணீரில் வரும் துத்தநாகமும் செம்பும் சிறுகச் சிறுக அதிலேயே சேர்கின்றன.